சம்பந்தி கொடுத்த கல்லும் நான் வளர்த்த களையும்

தம்பி,

கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. பந்தல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது. உன் அம்மா பத்திரிகைகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் மூலையில் மஞ்சள் தடவிக்கொண்டிருக்கிறாள். இந்த நேரத்தில் நீயும் உன் மாமனாரும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் அவர் மகள் நிவேதா உன் சேதியை அவருக்கும் அவர் சேதியை உனக்கும் சுமந்து களைத்துப் போயிருக்கிறாள். நம் வீட்டு மீன்தொட்டிக்கு அவர் அனுப்பிய இறால் செத்ததுதான் இத்தனைக்கும் காரணம் என்று இரண்டு குடும்பத்துக்கும் தெரியும். அது நோய்ப்பட்ட இறால் என்று உனக்குச் சொன்னவன் நான். சொன்னது பொய். அந்த நாலு இறாலையும் கொன்றது என் கை. சொந்தக்காரர் எல்லாரிடமும் அவரைப் பற்றி வாய் கூசாமல் பேசினேன், அதனால் இதை உனக்கு மட்டும் ரகசியமாக எழுத எனக்கு உரிமை இல்லை. அவர்கள் வீட்டிலும் நம் வீட்டிலும் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். பொறாமை. வேறு நல்ல பெயர் வைக்கலாமா என்று நாலு நாள் யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் நம் கடைக்கு நேர் எதிரில் இன்னொரு பூச்சிமருந்துக் கடை திறந்தபோதுகூட எனக்கு இப்படி எரியவில்லை. அவன் பெரிய போர்டு வைத்தான். நான் கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ் வந்து நிற்கும் நேரத்துக்குக் கடையைத் திறந்து வைத்தேன். மலைக்காரர்கள் போர்டைப் பார்த்து வருவதில்லை, திறந்திருக்கும் கதவைப் பார்த்து வருகிறார்கள். தொழிலில் வரும் பொறாமைக்கு இப்படி ஏதாவது ஒரு வழி இருக்கும். கடலூரில் ஒரு மனுசன் என் பிள்ளையோடு ஒரு மணி நேரம் சிரித்துப் பேசுகிறார் என்பதற்கு என் கடையில் எந்த அலமாரியிலும் மருந்து இல்லை.

நான் எலவனாசூர்கோட்டையில் கூலி வேலை செய்தவர் மகன் என்பது உனக்குத் தெரியும். முதுகில் ஸ்பிரேயரைக் கட்டிக்கொண்டு அடுத்தவர் வயலுக்கு மருந்தடித்துப் பிழைப்பை ஆரம்பித்தவன். எந்தப் பூச்சிக்கு எது, எந்தக் களைக்கு எது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானே பார்த்துக் கற்றுக்கொண்டேன். அப்படி வந்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். இன்னொருவர் சொல்லி ஒன்றைச் செய்வது அவமானம் என்று தோன்றும். நீ கடைக்கு வருவாய், உனக்குச் சொல்லித்தரலாம் என்று ஆசைப்பட்டேன். நீ ஒரு நாள் வந்து உட்கார்ந்து, அந்த நாற்றத்தில் தலைவலி என்று எழுந்து போனாய். அதில் தப்பில்லை. எனக்குத்தான் அதற்குப் பிறகு உன்னிடம் பேச விஷயமே இல்லாமல் போனது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், இதோடு பல வருஷம் ஓடிவிட்டது.

நீ பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு வீட்டில் இருந்த வருஷம் அந்த இரண்டடித் தொட்டியை வாங்கி வந்தாய். ஊரில் கடலே இல்லை, இவன் பாக்கெட்டில் உப்பு வாங்கிக் கடல் தண்ணீர் கலக்குகிறானே என்று நான் சிரித்தேன். ஆனாலும் நீ அதன் முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, நீ இல்லாதபோது நானும் உட்கார்ந்து பார்த்தேன். கடலூரில் வேலை கிடைத்து நீ கிளம்பியபோது சொன்னாய்: "ப்பா, தெனம் ஒரு லிட்டர் நல்ல தண்ணி மட்டும் ஊத்திடுங்க. தண்ணிதான் ஆவியா போவும், உப்பு போவாது." அதிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு உன் வீடியோ கால். நான் போனைத் தொட்டி மேல் காட்டுவேன். மீன் எப்படி இருக்கிறது, லைட் எத்தனை மணிக்குப் போட்டேன், உப்பு எவ்வளவு என்று கேட்பாய். பத்து நிமிஷம். நீ பிறந்ததிலிருந்து உன்னோடு நான் இப்படிப் பத்து நிமிஷம் பேசியதில்லை. ஏழு மணிக்கு முன்னால் சட்டை மாற்றிக்கொண்டு உட்காருவேன் என்று உன் அம்மா இன்றைக்கும் கிண்டல் செய்கிறாள்.

அப்புறம் உன் பேச்சில் அவர் வந்தார். துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் நாலடித் தொட்டி, அதைப் பார்க்கப் போன இடத்தில் அவர் மகளைப் பார்த்தாய். பெண் நல்ல பெண், அதில் எனக்கு ஒரு சொல் குறை கிடையாது. ஆனால் உன் பத்து நிமிஷத்தில் பாதியை அவர் எடுத்துக்கொண்டார். "லைட்ட கம்மி பண்ணுங்கப்பா, மாமா சொன்னாரு." "உப்பு கொஞ்சம் ஜாஸ்தின்னு மாமா சொல்றாரு." ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், ஒரே போனில் ஒன்பது மாமா. போனை வைத்ததும் உன் அம்மா கேட்டாள்: "இன்னாங்க மூஞ்சி, வாணல்ல கடுகு வெடிக்கறாப்ல இருக்குது?" ஒன்றுமில்லை என்றேன். "உங்க புள்ளய ஒருத்தரு மெச்சிக்கினா நல்லதுதான?" என்றாள். அவளுக்குப் புரியவில்லை. அவர் உன்னை மெச்சினால் பரவாயில்லை. நீ அவரை மெச்சினாயே.

நிச்சயம் முடிந்த வாரம் அவர் ஒரு கல் கொடுத்தனுப்பினார். மேலே பச்சைப் பொத்தான் மாதிரி பவளம் ஒட்டியிருந்த கல். அழகாகத்தான் இருந்தது. நான் போன் போட்டு, "இது கடல்லேர்ந்து எடுத்ததா சம்பந்தி? சட்டப்படி தப்பாச்சே" என்றேன். மாட்டுவார் என்று நினைத்தேன். "வளத்ததுங்க சம்பந்தி. கொளத்தூர் கடையில பில் போட்டு வாங்கனது, அனுப்பவா?" என்று மறுநிமிஷமே பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அந்த மனுசனிடம் ஒரு குறைகூடக் கண்டுபிடிக்க முடியாமல் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் குறை கிடைத்தது. அந்தக் கல்லின் இடுக்கில் கடுகு அளவில் ஒரு தண்டு, அதன் தலையில் மயிர் மாதிரி பழுப்பு விரல்கள், ஆடிக்கொண்டிருந்தது. விரலைக் கண்ணாடி அருகே கொண்டுபோனால் உள்ளே ஓடிவிடும், எடுத்தால் எட்டிப் பார்க்கும். முப்பது வருஷம் களை பார்த்த கண் எனக்கு. பயிருக்கும் களைக்கும் நிற்கிற தோரணையிலேயே வித்தியாசம் தெரியும். போனில் தேடிப் பார்த்தேன். கடல் சாமந்தியில் ஒரு சாதி, ஐப்டேசியா என்று பெயர், வந்தால் தொட்டி முழுக்கப் பரவும், பக்கத்தில் இருக்கும் பவளத்தைக் கொட்டும் என்று போட்டிருந்தது. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அன்றைக்கே அந்தக் கல்லைத் தூக்கி வெளியே வைத்துக் கொதிநீர் விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். கடையில் நான் தினமும் என்ன சொல்கிறேன்? முதல் களை தெரிந்த அன்றே வயலில் இறங்கு என்கிறேன். நான் இறங்கவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. காலை கால் வரும்போது போனை வேறு பக்கம் காட்டினேன். மீன் தீனியை ஒரு சிட்டிகை ஜாஸ்தியாகவே போட்டேன். மிச்சத் தீனியைத் தின்று அது யூரியா கண்ட கோரை மாதிரி வந்தது. நன்றாக வளரட்டும், உன் மாமனார் கொடுத்த கல்லின் லட்சணம் உனக்குத் தெரியட்டும் என்பதுதான் என் கணக்கு.

பதினோரு தண்டு ஆனபோது நீயே பார்த்துவிட்டாய். "ப்பா, கேமராவ கிட்ட கொண்டு போங்க. பழுப்பா ஆடுதே, இன்னா அது?"

"அதுவா? உன் மாமனார் குடுத்த கல்லுலேர்ந்து வந்துது."

இதைச் சொல்ல ஒரு மாதம் காத்திருந்தேன் தம்பி. சொல்லிவிட்டு உன் முகம் மாறுவதைப் பார்க்க உட்கார்ந்திருந்தேன். நீ உடனே, "இருங்கப்பா, மாமாவ லைன்ல போடறேன்" என்றாய். என் ஏழு மணிக்குள் அந்த மனுசன் முகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"அய்யய்ய, என் கல்லுலயா? மன்னிச்சுக்குங்க சம்பந்தி. வாங்கனப்ப நல்லா பாத்துருக்கணும். ஒன்னு சொல்றேன், அத பிடுங்காதீங்க, கிள்ளாதீங்க. துண்டு போனா ஒவ்வொரு துண்டும் தனியா முளைக்கும். அத தின்னற இறால் இருக்குது, நாலு அனுப்பறேன்."

களை எடுப்பது எப்படி என்று எனக்கே சொல்லித்தருகிறார். நான் தலையாட்டிவிட்டுப் போனை வைத்தேன். கோரையை மேலே அரிந்தால் கீழே கிழங்கு பெருகும் என்று எத்தனை பேருக்கு நானே சொல்லியிருப்பேன். அவர் சொன்னதும் அதே விஷயம்தான். அவர் சொன்னார் என்பதற்காகவே, சாக்கு தைக்கும் கோணூசியை எடுத்து அன்றைக்கே பதினொன்றையும் சுரண்டித் தள்ளினேன். இரண்டு நாள் தொட்டி சுத்தமாக இருந்தது. மூன்று வாரத்தில் கல், மணல், பம்பு, மூலை என்று எண்ண முடியாதபடி பரவிவிட்டது. நான் சுரண்டியதை உன்னிடம் சொல்லவில்லை. "அதுவா பரவுதுப்பா" என்றேன்.

நீ ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த நாலு இறாலையும் கொண்டு வந்தாய். சிவப்புக் கோடு போட்ட சின்ன இறால். விட்ட மறுநாளிலிருந்தே குட்டித் தண்டுகள் குறைய ஆரம்பித்தன. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. அந்தப் புதன்கிழமை மலையிலிருந்து ஒரு விவசாயி தக்காளிக்குத் தாமிர மருந்து கேட்டு வந்தார். மூட்டை ஓரம் கிழிந்து, என் கை முழங்கை வரை பச்சைத்தூள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன், தொட்டியின் முன்கண்ணாடி ஓரமாக இருந்த பெரிய தண்டு ஒன்றைப் பார்த்தேன். இறாலால் அதை அசைக்க முடியவில்லை. இதையாவது நான் எடுக்கிறேன் என்று தோன்றியது. கையைத் துண்டில் துடைத்துவிட்டு ஊசியோடு உள்ளே விட்டேன்.

கொல்ல வேண்டும் என்று விடவில்லை, இதை மட்டும் நம்பு. ஆனால் தெரியாமல் விட்டேன் என்று சொல்ல முடியாது. தாமிரம் அடித்த ஸ்பிரேயரைக் குட்டையில் கழுவாதே, முதலில் இறால்தான் சாகும் என்று வாடிக்கையாளருக்குச் சொல்பவன் நான். சோற்றில் கை வைத்தபோதுதான் அது நினைவு வந்தது. எழுந்து ஓடிப் பார்த்தேன். ஒன்று ஏற்கனவே பக்கவாட்டில் சாய்ந்து கால்களை உதறிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் நாலும் வெளுத்துவிட்டன. பவளம் சுருங்கி மூடிக்கொண்டது. அந்தக் களை மட்டும் நிமிர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. "கைய கழுவிட்டுதான வுட்டீங்க?" என்று உன் அம்மா கேட்டாள். கழுவினேன் என்றேன். மறுநாள் ஏழு மணிக்கு உன்னிடம் சொன்னேன்: "நோய்ப்பட்ட இறால் போல இருக்குதுப்பா. அவரு தொட்டில இன்னா வியாதியோ."

நீ அவருக்குப் போன் போட்டுப் பேசியதை நிவேதா உன் அம்மாவிடம் அழுதுகொண்டு சொன்னாள். "உங்க தொட்டில வேணாங்கறத எல்லாம் எங்கப்பா தலையில கட்டறீங்களா? மொதல்ல கல்லு, இப்ப இறாலா?" என்று கேட்டாயாம். கல்யாணத்துக்கப்புறம் அவர் வீட்டு மாடிக்குக் குடிவர மாட்டேன், வேறு வீடு பார்க்கிறேன் என்றாயாம். உன் அம்மா இதைச் சொல்லும்போது கண் கலங்கியிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "மறுபடி சொல்லு, இன்னா கேட்டானாம்?" என்றேன். எனக்கு அந்த 'எங்கப்பா' இன்னொரு தரம் வேண்டியிருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் பாக்கி. உனக்கு ஒன்பது வயசிருக்கும், கோமுகி அணை வாய்க்காலில் பிடித்த மூன்று கெண்டைக் குஞ்சைக் கடையிலிருந்த காலி டப்பாவில் போட்டு எடுத்து வந்தாய். கொஞ்ச நேரத்தில் மூன்றும் மிதந்தன. ஏம்பா செத்துச்சு என்று கேட்டாய். அது மருந்து டப்பா, சரியாகக் கழுவாமல் நான்தான் கீழே போட்டு வைத்திருந்தேன். கடையில் ஆள் இருந்தார்கள். "மீனுன்னா சாவும், போடா" என்றேன். நீ நாலு நாள் நீதான் கொன்றுவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு அலைந்தாய். என் தப்பை இன்னொருவர் சுமக்க விடுவது எனக்குப் புதிதல்ல. அன்றைக்கு நீ சுமந்தாய், இன்றைக்கு அவர் சுமக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை அவர் நம் வீட்டுக்கு வந்தார். உனக்குத் தெரியாது. அவர்கள் பக்கத்துப் பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்தார், காபி குடித்தார், பிறகு தொட்டியைப் பார்க்கலாமா என்றார். பையிலிருந்து சின்னக் கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஏதோ மருந்து நாலு சொட்டு விட்டார். தண்ணீர் மெல்ல நிறம் மாறியது. அவர் குழாயைப் பார்த்தார். தொட்டிப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய என் துண்டைப் பார்த்தார். துவைத்தும் போகாத பச்சைக் கறை அதில் இருந்தது. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வாஷ்பேசினில் குழாயைக் கொட்டி, மூன்று தரம் அலசி, சட்டையில் துடைத்துப் பையில் வைத்தார். "தண்ணி பாதி மாத்தணுங்க சம்பந்தி. நான் கரி கொண்டாந்துருக்கேன், ஃபில்டர்ல போட்டுடலாம்" என்றார். தண்ணீரிலிருந்து தாமிரத்தை இழுக்கும் கரியைக் கையோடு கொண்டுவந்திருந்தார் என்றால் கடலூரில் கிளம்பும்போதே ஊகித்துவிட்டார் என்று அர்த்தம்.

தண்ணீர் மாற்றிய பிறகு உன் அம்மாவைக் கூப்பிட்டு, "வெத்தலைக்கு போடற வெள்ளச் சுண்ணாம்பு இருக்குதுங்களா, வாசனை கீசனை சேக்காதது?" என்று கேட்டார். "மீனுக்கு வெத்தல போடப் போறீங்களா அண்ணே?" என்றாள் இவள். அவர் சிரித்தார். சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்தார். நான் மாட்டுக்குப் போடும் பெரிய ஊசி ஒன்றைக் கடையிலிருந்து எடுத்து வந்தேன். பம்பை நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தோம். ஊசியை மெல்ல இறக்கி, அது பயந்து சுருங்குவதற்குள் அதன் வாய் மேல் ஒரு சொட்டு வைக்க வேண்டும். தீனி என்று நினைத்து அதுவே விழுங்கிக்கொள்கிறது. அவர் முதலாவதைச் செய்து காட்டினார். அவசரத்தில் எனக்கு இரண்டு தப்பின. "அவசரப்படாதீங்க, அது எங்கயும் ஓடாது" என்றார். ஐந்தாவதோடு நிறுத்தச் சொன்னார், ஒரே நாளில் சுண்ணாம்பு ஜாஸ்தியானால் மீனுக்கு ஆகாதாம். ஒரு மனுசன் சொல்லி நான் ஒன்றைச் செய்தது பல வருஷத்தில் அதுதான் முதல் தடவை. செத்துப்போகவில்லை நான்.

பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டேன். உளுந்தூர்பேட்டை பஸ் நின்றுகொண்டிருந்தது. கேட்டுவிட்டேன். "தெரிஞ்சு போச்சுல்ல?"

"தெரிஞ்சுதுங்க."

"தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எதுக்குங்க சொல்லிக்கினு? கல்யாணம் ஆவட்டும். மாமனார் மேல வந்த கோவம் நாலு தீபாவளில ஆறிடும். அப்பா மேல வந்தா ஆறாது. விடுங்க."

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டிவிட்டுப் போனார். அவரிடம் எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும், இல்லையா? எனக்கு அப்போதும் பொறாமைதான் வந்தது. உன் சிரிப்பு அவருக்கு, உன் யோசனை அவருக்கு, இப்போது உன்னை நினைத்து வாயை மூடிக்கொள்கிற பெருந்தன்மையும் அவருக்கே. அப்பன் செய்ய வேண்டியதை எல்லாம் அவரே செய்துவிட்டால் எனக்கு என்னதான் மிச்சம்? நிஜத்தைச் சொல்வது ஒன்றுதான் மிச்சம். அதை அவரால் எனக்குப் பதில் செய்ய முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். பெரிய மனசால் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே.

உனக்கும் நாளைக்குப் பிள்ளை பிறக்கும். அது உன்னை விட்டுவிட்டு வேறொருவரிடம் போய் நிற்கும். வாத்தியாரோ, சிநேகிதனோ, மாமனாரோ, யாராவது ஒருவர் வருவார். அப்போது வயிறு எரியும். எரிவதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை. தீனி போடாமல் இருக்க மட்டும் தெரிந்துகொள். முதலில் கண்ணில் பட்ட அன்றே, "எனக்குக் கஷ்டமா இருக்குது, என்கிட்டயும் கொஞ்சம் பேசு" என்று அதனிடமே கேட்டுவிடு. நான் ஒரு தடவை உன்னிடம் அப்படிக் கேட்டிருந்தால் நீ கேட்டிருப்பாய் என்று இப்போது தோன்றுகிறது. கேட்க வெட்கப்பட்டு எத்தனை வேலை செய்தேன், பார்.

தொட்டியில் தினம் ஐந்துக்குச் சுண்ணாம்பு வைக்கிறேன். பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. பவளம் ஓரத்தில் கொஞ்சம் திறந்திருக்கிறது, பிழைக்குமா தெரியாது. கல்லில் தாமிரம் ஊறியிருக்கும், கொஞ்ச காலத்துக்கு அதில் இறால் விட வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். தீனியைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, உன் அம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் தண்ணீரில் விடுகிறேன்.

அந்த மாடி வீட்டுக்கே குடி போ. நல்ல காற்று வரும் வீடு, நான் பார்த்தேன். நாளைக் காலை ஏழு மணிக்கு எனக்குக் கூப்பிடாதே. அவருக்குக் கூப்பிட்டு, தப்பாகப் பேசிவிட்டேன் மாமா என்று சொல். என்மேல் உனக்குள்ள கோபத்தை அவரிடம் கொட்டாதே, அதை எனக்கென்று எடுத்து வை, நான் வாங்கிக்கொள்கிறேன். ஏழே காலுக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்திருப்பேன். அவரோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு என்று எழுதத்தான் நினைத்தேன். அதுவும் பொய்யாகிவிடும். கால்மணி நேரத்தில் முடித்துக்கொள், தம்பி.

அப்பா